தரம் சோதிக்கப்பட்ட ஓர் உறை சம்பூர் வரை வந்து சேரும் கதை

சம்பூர் என்றதும் அனல் மின் நிலையமும் அதன் பின்னர் சூரிய மின் நிலையமுமே எமது நினைவுக்கு வருகின்றன. அனல் மின் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் சூரிய மின் திட்டத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இத்திட்டங்கள் பற்றி எழுதியும் பேசியும் வருகின்ற நாம், அந்த மண்ணில் மீளக் குடியேறிய குடும்பங்களின் நாளாந்த வாழ்வு பற்றி, அதிலும் குறிப்பாகக் கணவன் மனைவியின் உடல் நலம் பற்றி, மிகக் குறைவாகவே பேசியிருக்கின்றோம். பேசத் தயங்கும் பொருள்களில் ஆணுறை முதன்மையானது. வீட்டிற்கு வரும் பத்திரிகையில் இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்போரும் உளர். உயிரோடு தொடர்புடைய எதையும் எழுதாமல் விடுவதே தவறு என்பது எமது கருத்து.

2006இல் சம்பூர் மக்கள் தமது வீடு வாசல்களை விட்டு வெளியேறினர். அதே ஆண்டு ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம் மக்களும் கந்தளாய்க்கு இடம்பெயர நேர்ந்தது. மூதூர் மக்கள் சில வாரங்களில் திரும்பினர். சம்பூர் மக்களோ கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை போன்ற இடங்களில் தகரக் கொட்டில்களில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைக் கழித்து 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தமது காணிகளுக்கு மீண்டனர். முகாமிலும் திருமணங்கள் நடந்தன, குழந்தைகள் பிறந்தன. அடுத்த பிள்ளை எப்போது என்பதைத் தாமே தீர்மானிக்கும் வசதி ஓர் இடம்பெயர்ந்த தாய்க்கு எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அனர்த்த காலங்களில் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் அனுப்பும் இனப்பெருக்க சுகாதாரப் பொதிகளில் 1ஆம் இலக்கப் பொதி ஆணுறைகளுக்கே ஒதுக்கப்பட்டிருப்பது இக்காரணத்தினாலேயாகும்.

ஆயினும் எமது கிராமங்களில் இரண்டு ஐயங்கள் நீங்காமல் இருந்து வருகின்றன. இலவசமாகத் தரப்படுவது தரம் குறைந்ததாகவே இருக்கும் என்பது ஒன்று. இறப்பரில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு, ஆகவே அது எதையும் தடுக்காது என்பது மற்றையது. இவ்விரண்டுக்கும் விடை காண வேண்டுமாயின், இப்பொருள் எவ்வாறு உருவாகின்றது, எவ்வாறு சோதிக்கப்படுகின்றது என்பதை முதலில் அறிந்து கொள்ள வேண்டும்.

மரத்திலிருந்து தொழிற்சாலைக்கு

ஆணுறையின் மூலப்பொருள் எமக்கு அந்நியமானதன்று. பிரேசிலின் காடுகளிலிருந்து பெறப்பட்ட இறப்பர் விதைகள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்க வைக்கப்பட்டு, அக்கன்றுகள் 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவில் அவை நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்களின் வரலாறு அவ்வாறே தொடங்கியது.

மரத்தைச் சீவிப் பெறும் பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே இறப்பர்; எஞ்சியது பெரும்பாலும் நீர். பால் உறையாதிருக்க அமோனியா சேர்த்து, வேகமாகச் சுழலும் பொறியில் இட்டு நீரின் ஒரு பகுதியைப் பிரித்தெடுப்பர். அவ்வாறு கிடைக்கும் செறிந்த பாலில் 60 வீதம் இறப்பர் இருக்கும். தொழிற்சாலைக்கு வருவது இதுவே.

தமிழ் பேசும் நிலப்பரப்பை அண்டி இத்தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகின்றது. இந்திய மத்திய சுகாதார அமைச்சின் கீழ் 1966இல் பதிவு செய்யப்பட்ட ஹிந்துஸ்தான் லேட்டக்ஸ் நிறுவனம், ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் 1969இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்திய அரசு விநியோகித்த 'நிரோத்' ஆணுறைகள் அங்கு பெருமளவில் தயாராயின. சென்னை பல்லாவரத்திலும் தனியார் துறையினரின் ஆணுறைத் தொழிற்சாலை பல்லாண்டுகளாக இயங்கியது. உலகில் மிக அதிகமாக ஆணுறை உற்பத்தி செய்யும் நிறுவனமான கரெக்ஸ், முஸ்லிம்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட மலேசியாவைச் சேர்ந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. 2020 மார்ச்சில் கொவிட் தொற்றுக் காரணமாக மலேசியா முடக்கப்பட்டபோது அந்நிறுவனத்தின் தொழிற்சாலைகள் சில நாட்கள் மூடப்பட, உலகளவில் தட்டுப்பாடு ஏற்படும் என்ற அச்சம் எழுந்தது. இச்சிறு பொருளின் விநியோகம் எத்தனை சில கைகளில் தங்கியுள்ளது என்பதை அது காட்டிற்று.

உறை உருவாகும் விதம்

செறிந்த இறப்பர்ப் பாலுடன் கந்தகம், நாக ஒட்சைட்டு, தாக்கத்தை விரைவுபடுத்தும் சேர்வைகள், இறப்பர் விரைவில் பழுதடையாது காக்கும் சேர்வைகள் என்பன அளவாகக் கலக்கப்படும். இக்கலவை கட்டுப்படுத்தப்பட்ட வெப்பநிலையில் சில நாட்கள் முதிர விடப்படும். இறப்பரின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கந்தகம் ஒன்றோடொன்று பிணைக்கத் தொடங்குவது இக்கட்டத்திலேயாகும். இப்பிணைப்பு இல்லாவிடின் இறப்பர் இழுபடும், ஆனால் மீண்டும் தன் நிலைக்கு வராது. வெயிலில் ஒட்டும் பிசினாகிவிடும்.

அடுத்து, உருளை வடிவான கண்ணாடி அச்சுகள் நீண்ட சங்கிலியொன்றில் பொருத்தப்பட்டு, சுழன்றபடியே இறப்பர்ப் பால் தொட்டியில் மூழ்கி எழும். அச்சில் படிந்த மெல்லிய படலம் உலர்ந்ததும் இரண்டாம் முறை மூழ்கச் செய்யப்படும். ஒரே தடவையில் தடிப்பான படலம் இடாமல் இரு தடவைகளில் மெல்லியதாக இடுவதற்குக் காரணம் உண்டு. முதலாவது படலத்தில் ஒரு சிறு குமிழியோ தூசியோ பலவீனத்தை ஏற்படுத்தியிருந்தால், அதே இடத்தில் இரண்டாவது படலத்திலும் குறை நேர்வது மிக அரிது. இவ்வாறு உருவாகும் உறையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பதினைந்தில் ஒரு பங்கு அளவேயாகும்.

சுழலும் தூரிகைகள் விளிம்பைச் சுருட்டி வளையமாக்க, உறைகள் சூடான அடுப்பினூடாகச் சென்று முழுமையாக உறுதி பெறும். பின்னர் வெந்நீரில் ஊறவைக்கப்படும். இறப்பர்ப் பாலில் உள்ள கரையக்கூடிய புரதங்களும் எஞ்சிய இரசாயனங்களும் அப்போது வெளியேறுகின்றன. சிலருக்கு இறப்பர் ஒவ்வாமை ஏற்படுவதற்கு இப்புரதங்களே காரணம் என்பதால் இக்கழுவல் முக்கியமானது. நீரின் விசையால் அச்சிலிருந்து கழற்றப்படும் உறைகள், ஒன்றோடொன்று ஒட்டாதிருக்கச் சோளமா போன்ற தூள் சேர்த்துக் கழுவி உலர்த்தப்படுகின்றன.

ஒவ்வொன்றும் சோதிக்கப்படுகின்றது

எமது வாசகர்கள் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பகுதி இது. தொழிற்சாலையில் உருவாகும் ஆணுறைகள் அனைத்தும், ஒன்று விடாமல், மின்னியல் சோதனைக்கு உட்படுத்தப்படுகின்றன. உறை ஓர் உலோக உருளையின் மீது மாட்டப்பட்டு அதிக மின்னழுத்தம் கொடுக்கப்படும். இறப்பர் மின்னைக் கடத்தாது. ஆகவே குறையற்ற உறையினூடாக மின் பாயாது. ஊசிமுனையளவு துவாரம் இருந்தாலோ, ஓரிடம் அளவுக்கு மீறி மெலிந்திருந்தாலோ மின் பாய்ந்துவிடும். பொறி அவ்வுறையைத் தானாகவே ஒதுக்கித் தள்ளும்.

இதில் தேறியவையே சிலிக்கோன் எண்ணெய் இடப்பட்டு உறையிலிடப்படுகின்றன. அத்துடன் சோதனை முடிந்துவிடுவதில்லை. சர்வதேச தரநிர்ணய அமைப்பின் 4074ஆம் இலக்கத் தரவிதி, ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலிருந்தும் எழுந்தமானமாக மாதிரிகளை எடுத்து மீண்டும் சோதிக்குமாறு பணிக்கின்றது. ஒரு தொகுதி 5 இலட்சத்துக்கு மேற்படலாகாது.

முதலாவது, நீர்க் கசிவுச் சோதனை. உறையில் 300 மில்லிலீற்றர் நீர் நிரப்பித் தொங்கவிட்டுப் பார்ப்பர். பின்னர் வாயைக் கட்டி, நீரை உறிஞ்சும் தாளின் மீது உருட்டுவர். தாளில் ஈரம் படிந்தால் துவாரம் உண்டு என்பது பொருள். பெரிய தொகுதியொன்றிலிருந்து 315 உறைகள் இவ்வாறு சோதிக்கப்படுகையில், இரண்டுக்கு மேற்பட்டவற்றில் துவாரம் காணப்பட்டால் அந்தச் சில உறைகள் மட்டுமன்றி, இலட்சக்கணக்கான உறைகளைக் கொண்ட தொகுதி முழுவதுமே நிராகரிக்கப்படும்.

இரண்டாவது, காற்றூதிப் பார்க்கும் சோதனை. உறை வெடிக்கும் வரை காற்று செலுத்தப்பட்டு, வெடித்தபோதிருந்த கனவளவும் அழுத்தமும் பதியப்படும். வழக்கமான அகலமுடைய உறை குறைந்தது 18 லீற்றர் காற்றையும் 1 கிலோபஸ்கால் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். கடைகளில் விற்கப்படும் பெரிய குடிநீர்ப் போத்தல் ஏறத்தாழ 19 லீற்றர் கொள்ளளவுடையது. கைக்குள் அடங்கும் இம்மெல்லிய உறை ஏறக்குறைய அந்தளவுக்கு விரிய வேண்டும் என்றால் அதன் வலிமையை ஊகித்துக் கொள்ளலாம்.

மூன்றாவதாக, முதுமைச் சோதனை. உறைகளை 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏழு நாட்கள் வைத்து, அதன் பின்னும் அவை அதே கனவளவையும் அழுத்தத்தையும் தாங்குகின்றனவா எனப் பார்ப்பர். இவற்றுடன் நீளம், அகலம், தடிப்பு, பொதியுறையின் காற்றுப்புகா முத்திரை என்பனவும் சோதிக்கப்படும். பயன்பாட்டுக் காலம் உற்பத்தித் திகதியிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படலாகாது என்பதும் விதி.

உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியமும் இணைந்து, அரசுகளும் தொண்டு அமைப்புகளும் கொள்வனவு செய்யும் ஆணுறைகளுக்கெனத் தனியான விவரக்குறிப்பை வெளியிட்டுள்ளன. உற்பத்தியாளரின் தொழிற்சாலையைப் பரிசோதித்து முன்தகுதி வழங்கும் முறையும் உண்டு. இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கண்காணிப்பு மருத்துவ சாதனங்களுக்கும் உரியது. கடையில் பணம் கொடுத்து வாங்குவதற்கும் குடும்பநல உத்தியோகத்தர் இலவசமாகத் தருவதற்கும் இடையில் நிறம், மணம், வடிவம், பெட்டியின் கவர்ச்சி என்பவற்றில் வேறுபாடு இருக்கலாம். துவாரத்திற்கும் வலிமைக்குமான அளவுகோல் ஏழைக்கு ஒன்று, பணக்காரருக்கு வேறொன்று அன்று. முதலாவது ஐயத்திற்கு இதுவே விடை.

கண்ணுக்குத் தெரியாத துவாரங்களா?

இரண்டாவது ஐயத்திற்கு வருவோம். எயிட்ஸ் நோய்க்குக் காரணமான எச்.ஐ.வி. வைரசு ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. இத்தகைய நுண்ணுயிரை இறப்பர் தடுக்குமா என்ற வினா நியாயமானதே. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் அதே அளவுள்ள நுண்மணிகளை ஆணுறைகளில் இட்டு, அழுத்தம் கொடுத்துச் சோதித்தனர். பெரும்பாலான உறைகளில் கசிவு எதுவும் காணப்படவில்லை. கசிந்த சிலவற்றிலும் வெளியேறிய திரவம் மிக மிக நுண்ணிய அளவினதாகவே இருந்தது. மேலும் வைரசு தனித்துப் பறந்து திரிவதில்லை. அது திரவத்தோடும் கலங்களோடும் சேர்ந்தே பயணிக்கின்றது.

எனினும் ஆணுறை நூறு வீதப் பாதுகாப்பு என்று நாம் கூறப்போவதில்லை. ஒவ்வொரு தடவையும் முறையாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் 100 பெண்களில் இருவர் அளவிலேயே கருத்தரிக்கின்றனர். நடைமுறையில் மக்கள் பயன்படுத்தும் விதத்தில் இது 13 பேர் வரை உயர்கின்றது. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தொழிற்சாலையின் குறையன்று, பயன்பாட்டின் குறையாகும். எச்.ஐ.வி. தொற்றைப் பொறுத்தவரை, தவறாது பயன்படுத்துவோரிடையே ஆபத்து ஏறத்தாழ 80 வீதம் குறைவதாக ஆய்வுகளின் தொகுப்பு காட்டியுள்ளது.

கச்சான் காற்றும் தகரக் கூரையும்

தொழிற்சாலையில் இவ்வளவு கவனத்துடன் சோதிக்கப்பட்ட பொருள், சம்பூருக்கும் மூதூருக்கும் வந்து சேரும் கடைசிச் சில மைல்களில் கெட்டுப்போகலாம். எமது கவலைக்குரிய இடம் இதுவேயாகும். இறப்பரின் பகைவர்கள் வெப்பம், ஒளி, ஒட்சிசன், எண்ணெய் ஆகிய நான்கும். அலுமினியத் தாள் சேர்ந்த பொதியுறை ஒளியையும் ஒட்சிசனையும் தடுக்கும். ஆனால் வெப்பத்தைத் தடுக்காது. சேமிக்கும் இடம் 40 பாகை செல்சியஸைத் தாண்டாதிருப்பது அவசியம். ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று வீசும் நாட்களில் திருகோணமலை மாவட்டத்தின் பகல் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டுவது வழமை. அந்நாட்களில் தகரக் கூரையின் கீழுள்ள களஞ்சியத்திலும், வெயிலில் நிறுத்திய வாகனத்தினுள்ளும், கடைக் கண்ணாடிப் பெட்டியிலும் என்ன வெப்பம் இருக்கும் என்பதை எமது மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. காற்சட்டைப் பையிலுள்ள பணப்பையில் மாதக்கணக்கில் வைத்திருப்பதும் இதே தவறாகும். அங்கு வெப்பத்தோடு உராய்வும் சேர்கின்றது.

எண்ணெய் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வசலின், குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெய் என்பன எமது வீடுகளில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளவை. இவற்றில் எது பட்டாலும் இறப்பர் சில நிமிடங்களிலேயே வலுவிழந்துவிடும். 18 லீற்றர் காற்றைத் தாங்கிய உறை அதன்பின் சாதாரண இழுவிசையையும் தாங்காது. நீரை அல்லது சிலிக்கோனை அடிப்படையாகக் கொண்ட வழுக்குப் பொருள்களையே பயன்படுத்த வேண்டும்.

பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியவை சில. பொதியிலுள்ள காலாவதித் திகதியைப் பார்க்க வேண்டும். பொதியை விரலால் அழுத்தும்போது உள்ளே காற்றுக் குமிழி தெரிய வேண்டும். தெரியாவிடின் முத்திரை உடைந்துள்ளது என்பது பொருள். பல்லாலோ கத்தரிக்கோலாலோ திறக்கக்கூடாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டைப் பயன்படுத்தினால் பாதுகாப்புக் கூடும் என்பது தவறு. உராய்வினால் இரண்டுமே கிழியலாம். ஒருமுறை பயன்படுத்தியதை மீண்டும் பயன்படுத்தலாகாது. தாளில் சுற்றிக் குப்பையில் இட வேண்டுமேயன்றி மலசலகூடக் குழியில் இடக்கூடாது. உறை கிழிந்துவிட்டால் அவசர கருத்தடை மாத்திரையை 72 மணித்தியாலத்திற்குள் எவ்வளவு விரைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு விரைவாக எடுப்பது நல்லது. தொற்று அச்சம் இருப்பின் அதே 72 மணித்தியாலத்திற்குள் வைத்தியசாலையை நாட வேண்டும்.

எமது சமூகங்களும் இப்பேச்சும்

குடும்பக் கட்டுப்பாடு என்ற சொல்லையே எமது இரு சமூகங்களும் ஐயத்துடன் நோக்குவதுண்டு. போரிலும் இடப்பெயர்விலும் உறவுகளை இழந்த மக்கள், தமது எண்ணிக்கையைக் குறைக்க எவரோ முயல்கின்றனர் என்று அஞ்சுவதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆணுறை சத்திரசிகிச்சையன்று, ஊசியன்று. அதைப் பயன்படுத்துவதும் நிறுத்துவதும் தம்பதியரின் கையிலேயே உள்ளது. பிள்ளை வேண்டும் என்று தீர்மானித்த நாளிலிருந்து அதனை விட்டுவிடலாம். நிர்ப்பந்தத்திற்கு இடமற்ற முறை இதுவெனலாம்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இவ்வினா மார்க்கத்தோடும் தொடர்புடையது. கருத்தரிப்பைத் தவிர்க்க உறவின்போது விலகிக் கொள்ளும் 'அஸ்ல்' என்னும் முறை நபித்தோழர் காலத்திலேயே வழக்கில் இருந்தது. இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து ஆகுமானது என்ற முடிவுக்கு வந்தார். நிரந்தரமற்ற கருத்தடை முறைகளைக் கணவன் மனைவியின் சம்மதத்தோடு ஆகுமானவை எனக் கொள்ளும் பிற்கால அறிஞர்கள் பலரும் இதையே அடிப்படையாகக் கொண்டனர். இது குறித்துத் தெளிவு வேண்டுவோர் தமது ஊர் உலமாக்களிடம் தயங்காது கேட்கலாம். தமிழ்க் குடும்பங்களில் தடையாக நிற்பது சமய விதியன்று. வாய் திறக்காத நாணமே.

இந்நாணத்தின் விலை சிறிதன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெக் காரணத்திற்காகவும் கருக்கலைப்புச் செய்வது இலங்கையில் குற்றமாகும். எதிர்பாராத கருவைச் சுமக்கும் பெண் மறைவிடங்களையும் தகுதியற்ற கைகளையும் நாடிச் சென்று உயிராபத்தைச் சந்திக்கும் அவலம் இதன் விளைவேயாகும். மறுபுறத்தில், தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தி நோயும் தொற்றுவதை ஒழித்த நாடென 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்ற பெருமை இந்நாட்டிற்கு உண்டு. கிராமந்தோறும் நடந்து திரியும் குடும்பநல உத்தியோகத்தர்களின் உழைப்பு அதற்குப் பின்னால் உள்ளது. அவ்வெற்றியைக் காக்க வேண்டியது எமது கடமை.

ஆகவே நாம் வேண்டுவன பெரியவையல்ல. மீள்குடியேறிய கிராமங்களின் சுகாதார நிலையங்களில் வெப்பம் தாக்காத சேமிப்பு அறைகள் அமைய வேண்டும். களஞ்சியத்தில் முந்தி வந்தது முந்தி விநியோகிக்கப்பட வேண்டும். காலாவதியானவை உடனுக்குடன் அகற்றப்பட வேண்டும். மருந்தகம் நடத்துவோர் இப்பெட்டிகளை வெயில் படும் கண்ணாடிக்குள் காட்சிக்கு வைக்காமல் நிழலில் வைக்க வேண்டும். கேட்டு வருவோரைக் கூச்சப்படுத்தும் பார்வையும் பேச்சும் தவிர்க்கப்பட வேண்டும். திருமணத்திற்கு ஆயத்தமாகும் இளைஞருக்கும் யுவதிகளுக்கும் கோவில், பள்ளிவாசல் சார்ந்த அமைப்புகள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையுடன் இணைந்து அறிவூட்ட முன்வர வேண்டும்.

ஒரு தொகுதியில் மூன்று உறைகளில் துவாரம் கண்டதற்காக இலட்சக்கணக்கானவற்றை ஒதுக்கித் தள்ளும் கண்டிப்பு தொழிற்சாலையில் உண்டு. அதில் பாதியளவு கவனமாவது சம்பூரின் களஞ்சிய அறையிலும் மூதூரின் கடை இறாக்கையிலும் எமது வீட்டு அலுமாரியிலும் இருக்குமாயின், இம்மண்ணின் பெண்கள் பலர் தேவையற்ற அச்சத்திலிருந்தும் ஆபத்திலிருந்தும் விடுபடுவர்.